பீற்றா ஐதரசன்

உப்புவெளியில் இரவு பதினொன்று தாண்டினால்தான்
மின்சாரம் ஒரு சொல்லில் நிற்கும்.
ஹோட்டல்காரரின் குளிரூட்டிகள் குடித்து முடித்து
மிச்சம் என் கணினிக்கு வரும்.

நான் நிக்கலுக்குக் கை வரைந்துகொண்டிருக்கிறேன்.
நடுவே ஒற்றை அணு. இரு பக்கமும் நைதரசன்.
அவற்றின் தோளில் வளையங்கள்,
வளையங்களின் ஓரத்தில் கிளைத்த கொத்துகள்:
மேலே ஒரு நிழல், கீழே ஒரு நிழல்.
வேலை நடக்கும் வாசல் மட்டும் திறந்திருக்க வேண்டும்.

எதிலீன் வரும்.
இரண்டு காபன், நாலு ஐதரசன், மணமும் பெரிதாக இல்லை.
உலோகத்தில் ஒரு கணம் சாயும்,
சங்கிலிக்குள் போய்விடும்.
அடுத்தது வரும்.

நிழல் போதாவிட்டால்
சங்கிலி தன் இரண்டாம் காபனின் ஐதரசனை
உலோகத்திடம் ஒப்படைத்துவிட்டு எழும்பிப் போகும்,
திறப்பைக் கொடுத்துவிட்டு
வாடகை வீட்டை விடுகிறவர்போல.
மிஞ்சுவது எண்ணெய். மிஞ்சினால் மெழுகு.
நிழல் கூடினாலோ வாசலே அடைபடும்.
மூன்று வருசமாக இந்த இரண்டுக்கும் நடுவே
ஒரு மெதைல் கூட்டி
ஒரு மெதைல் கழித்து
இருக்கிறேன்.

ஆனி மாதம் மிருக வைத்தியர் ஹஸ்மியா வந்தார்.
கோட்டை வாசலுக்குப் பின்னால் ஒரு பெண்மான்.
வயிற்றில் நாலு கிலோ.
கழுவிய துண்டொன்றை மேசையில் வைத்து
"இது உங்கட சாமான்தானே மிஸ்?" என்றார்.
கோபமாகக்கூட இல்லை.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
சொல்ல வெட்கமாக இருக்கிறது,
முதலில் வந்தது மெச்சல்.
எவ்வளவு நீளமான சங்கிலி,
எவ்வளவு சீரான கிளை,
இரைப்பையின் அமிலத்தில் மாதக்கணக்கில் கிடந்து
ஒரு பிணைப்பும் அசையவில்லை.
எங்கேயோ யாரோ நல்ல ஊக்கி செய்திருக்கிறார்கள்.

ஊக்கியைக் கழுவி எடுப்பதில்லை.
பத்து இலட்சத்தில் ஓரிரு பங்கு உள்ளேயே தங்கிவிடும்,
பெரும்பாலும் டைட்டேனியம்.
புல்மோட்டைக் கறுப்பு மணல் கப்பலேறிப் போகிறது.
அதில் ஒரு அணு உலகம் சுற்றி
கோழிக்கடைப் பையாகித் திரும்பி
அந்த மானுக்குள் போயிருக்கலாம்.
போகாமலும் இருக்கலாம்.
அணுவில் ஊர்ப்பெயர் பொறிப்பதில்லை.

அன்றிரவு வரைபடத்தை மாற்றினேன்.
நைதரசன்களில் ஒன்றை எடுத்து பொசுபரசு, மற்றதற்கு ஒட்சிசன்.
நூறு எதிலீனுக்கு ஒரு காபனோரொட்சைட்டு
சங்கிலிக்குள் நுழைய வேண்டும்.
வெயில் பட்டால் அந்த இடத்தில் தையல் பிரியும்.
சிக்கல் என்னவென்றால்
அது உலோகத்தில் ஒட்டினால் விடாது,
எதிலீனை வெளியே நிறுத்திவிட்டு
தானே குடியிருக்கும்.
விரட்டவும் கூடாது, தங்கவிடவும் கூடாது.
இந்த ஒரு வரியைத்தான்
இரவெல்லாம் கணினி எண்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஹஸ்மியாவுக்கு விளங்கப்படுத்தினேன்.
முழுவதும் கேட்டார்.
"வயித்துக்குள்ள வெயில் எங்க, மிஸ்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை.
தெருவில் காற்றில் அலைகிறபோதே அறுந்துவிட்டால்,
மான் வந்து முகர்வதற்கு முன்பே அறுந்துவிட்டால், என்று
ஏதோ தொடங்கி நிறுத்தினேன்.

நேற்று மூன்று மணிக்கு மின்சாரம் போனது.
தடுப்புச் சக்தி இறங்கிக்கொண்டிருந்த நேரம்.
பழைய வடிவத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.
இருட்டில் மாடிக்கு ஏறினேன்.

அந்தத் துண்டை அங்கே கொடிக்கம்பியில்
கிளிப் போட்டு மாட்டியிருக்கிறேன்,
கண்ணாடி புறஊதாவை மறிக்குமென்று வெளியிலேயே.
நாற்பது நாள் ஆடி வெயிலும் கச்சான் காற்றும்.
கைத்தொலைபேசி வெளிச்சத்தில் பார்த்தேன்.
கடையின் பெயர் வெளிறிவிட்டது.
இழுத்தால் நீள்கிறது, அறவில்லை.
கோழிக்கு ஓடர் கொடுக்கும் இலக்கத்தை
இன்னும் வாசிக்கலாம்.
கடைசி இலக்கம் ஏழு.